வெறும் டென்ஷனா, டாக்டரைப் பார்க்க வேண்டுமா? மன அழுத்தம், பதற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களுக்கு முன் பதற்ற நோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டவன் நான், மருத்துவன் இல்லை. விஷயம் வெளியே தெரிந்த பிறகு நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள், ஒரே ஒரு முறை பார்த்துப் பேசியவர்கள் என்று பலரும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் "எனக்கு இல்லை, தெரிந்தவர் ஒருவருக்கு..." என்றுதான் தொடங்குவார்கள். அந்தத் தெரிந்தவருக்காக, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

டென்ஷன், மன அழுத்தம், பதற்றம், மனச்சோர்வு எல்லாம் ஒன்றுதானே?

பேச்சில் எல்லாமே டென்ஷன்தான். சிகிச்சை என்று வரும்போது பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மன அழுத்தத்துக்கு, அதாவது ஸ்ட்ரெஸ்ஸுக்கு, பெரும்பாலும் காரணத்தைக் கைகாட்டிச் சொல்லிவிடலாம். வேலையில் கெடு நெருங்குகிறது, வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கிறார், கடன்காரர் தினமும் கூப்பிடுகிறார். சுமை இறங்கினால் அதுவும் மெல்ல இறங்கிவிடும். பதற்றம் அப்படியல்ல. இன்னும் நடக்காத ஒன்றைப் பிடித்துக்கொண்டு "நடந்துவிட்டால்?" என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். கெடு முடிந்து, வேலையும் நல்லபடியாக முடிந்த அன்று இரவிலும் கேட்கும். மனச்சோர்வில் இந்தப் பரபரப்பு முன்னே நிற்காது. எதிலும் பிடிப்பில்லாமல், பிடித்தவையெல்லாம் சப்பென்று ஆகிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக நாள் முழுவதும் அப்படி இருந்தால் கவனிக்க வேண்டும். பதற்றமும் சோர்வும் ஜோடியாக வருவதும் சகஜம்.

தமிழில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. 'மன அழுத்தம்' என்ற சொல்லைச் சிலர் ஸ்ட்ரெஸ்ஸுக்கும், சிலர் டிப்ரஷனுக்கும் எழுதுகிறார்கள். ஒரே கட்டுரையில் இரண்டு பொருளிலும் வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் டாக்டரிடம் "எனக்கு மன அழுத்தம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். தூக்கம் எப்படி, பசி எப்படி, என்ன செய்ய முடியவில்லை என்று நடப்பதைச் சொல்லுங்கள்.

கொஞ்சம் டென்ஷன் இருந்தால்தான் வேலை நடக்கும் என்கிறார்களே?

ஓரளவு உண்மை. பரீட்சைக்கு முந்தைய நாள் வரும் படபடப்புதான் பலரைப் புத்தகத்தைத் திறக்கவே வைக்கிறது. இதற்கு ஆதாரமாக எல்லோரும் 1908-இல் வெளியான, யெர்க்ஸ், டாட்சன் என்ற உளவியலாளர்களின் ஆய்வைச் சொல்வார்கள். தூண்டுதல் கூடக் கூடத் திறனும் கூடும், ஒரு கட்டத்துக்கு மேல் சரியும் என்பது அதிலிருந்து வந்த விதி. அந்த ஆய்வு எலிகளை வைத்து, மின்அதிர்ச்சி கொடுத்துச் செய்யப்பட்டது என்பதைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. அலுவலகத்தில் ஆட்களை விரட்டுவதற்கு அதைச் சாக்காகச் சொல்லும் மேலாளர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கவலை மனதில்தானே இருக்கிறது, வயிறு ஏன் கலங்குகிறது?

'வயிற்றில் புளியைக் கரைத்தது போல' என்று சொல்லிவைத்தவர்கள் உடற்கூறு படித்தவர்கள் இல்லை, ஆனால் சரியாகக் கவனித்திருக்கிறார்கள். 1890-களின் கடைசியில் வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியலாளர், அப்போதுதான் புதிதாக வந்திருந்த எக்ஸ்ரே கருவியின் முன் பூனைகளை வைத்து, இரை செரிப்பது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தார். பூனை அமைதியாக இருந்தால் இரைப்பை அலை அலையாக அசைந்தது. மிரண்டால் அந்த அசைவு சட்டென்று நின்றுவிட்டது. அவருடைய ஆராய்ச்சிக்கு இது இடைஞ்சல்தான். ஆனால் அந்த இடைஞ்சலையே பின்தொடர்ந்துபோய், ஆபத்து வந்தால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்று 1915-இல் விளக்கி எழுதினார்.

நடப்பது இதுதான். மூளை ஆபத்து என்று முடிவு செய்த நொடியில் அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமெடுக்கிறது. ரத்தம் செரிமான உறுப்புகளை விட்டுக் கை கால் தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. வாய் உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. சிறிது நேரத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனும் சேர்ந்துகொண்டு, தேவைப்படும் சர்க்கரையை ரத்தத்தில் ஏற்றிக் கொடுக்கிறது. ஓடித் தப்பிக்க வேண்டிய உயிருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

சிக்கல் என்னவென்றால், துரத்தி வரும் மிருகத்துக்கும் மேலாளரிடமிருந்து வரும் 'ஒரு நிமிடம் பேச வேண்டும்' என்ற குறுஞ்செய்திக்கும் உடம்புக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. மிருகத்திடம் தப்பினால் கதை முடிந்தது. குறுஞ்செய்தி நாளையும் வரும். இப்படி மாதக்கணக்கில் உடம்பு தயார் நிலையிலேயே நிற்கும்போது கழுத்துப் பிடிப்பு, தலைவலி, நெஞ்செரிச்சல், விட்டு விட்டு வரும் தூக்கம், எடுத்ததற்கெல்லாம் எரிச்சல் என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, வேரைப் பார்க்காமல் வருடங்களை ஓட்டுபவர்கள் உண்டு. நான் இரண்டு வருடம் ஓட்டினேன்.

திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது. மாரடைப்பா, பதற்றமா?

முதல் முறை என்றால் நீங்களே முடிவு செய்யாதீர்கள். அவசர சிகிச்சைக்குப் போங்கள். வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், நடக்கும்போதோ படியேறும்போதோ வந்தால், மயக்கம் வந்தால், குடும்பத்தில் இதயநோய் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். 'ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பினால் வெட்கப்பட என்ன இருக்கிறது?

எனக்கு வந்தது ஒரு லிப்டில். ஏழாவது மாடிக்குப் போக வேண்டும், கையில் ஒரு கோப்பு. மூன்றாவது மாடியில் கதவு மூடியபோது நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது. ஐந்தாவது மாடியில் விரல் நுனிகள் மரத்துப்போய், கோப்பைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று முழுதாக நம்பினேன். அந்த நிமிடத்தில் எனக்கு இருந்த ஒரே வருத்தம், கோப்பு கீழே விழுந்து தாள்கள் கலைந்துவிடுமே என்பதுதான். மனம் எப்படி வேலை செய்கிறது பாருங்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. "டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பெயர் பீதித் தாக்கம், பேனிக் அட்டாக், அதற்குச் சிகிச்சை இருக்கிறது என்று யாராவது அன்றே ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

பீதித் தாக்கம் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். உச்சத்திலேயே நிற்க உடம்பால் முடியாது. விரல் மரத்துப்போவது, உதடு குறுகுறுப்பது, தலை லேசாவது எல்லாம் பெரும்பாலும் வேக வேகமாக மூச்சுவிட்டு ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் வருபவை. அந்த அறிகுறியைப் பார்த்துப் பயந்தால் மூச்சு இன்னும் வேகமாகும், அறிகுறியும் கூடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, இங்கே இருட்டு நம் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது. இழுப்பதைவிட விடும் மூச்சை நீளமாக, மெதுவாக விடுங்கள். நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட்டால் போதும். காகிதப் பையை வாயில் வைத்து மூச்சுவிடும் பழைய வைத்தியம் வேண்டாம். நிஜமாகவே இதயமோ நுரையீரலோ பிரச்சினையாக இருந்தால் அது ஆபத்தில் முடியும்.

சரி, எனக்கு இருப்பது நோய் என்று சொல்லும் அளவுக்கு இருக்கிறதா?

மருத்துவர்கள் கையாளும் அளவுகோல்கள் சில உண்டு. பொதுவான பதற்ற நோய் என்று சொல்ல, ஆறு மாதமாவது, பெரும்பாலான நாட்களில், பல விஷயங்களைப் பற்றி அடக்க முடியாத கவலை இருக்க வேண்டும். கூடவே அமைதியின்மை, சீக்கிரம் களைத்துப்போவது, கவனம் நிற்காமை, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கோளாறு ஆகிய ஆறில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்கக் கையேட்டின் கணக்கு இது. 2006-இல் வெளியான ஜி.ஏ.டி.-7 என்ற ஏழு கேள்விப் பட்டியலும் பல இடங்களில் புழங்குகிறது. கடந்த இரண்டு வாரத்தை நினைத்து ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும், மொத்தம் 21. ஐந்து வந்தால் லேசானது, பத்து என்றால் நடுத்தரம், பதினைந்தும் அதற்கு மேலும் என்றால் கடுமை. பத்தோ அதற்கு மேலோ வந்தால் டாக்டர் ஒருவரைப் பார்ப்பது நல்லது. அது சல்லடை மட்டும்தான், நோய் இன்னதென்று அது சொல்லாது.

நான் நம்புவது வேறு ஒரு அளவுகோலை. பயம் எவ்வளவு பெரியது என்று அளக்காதீர்கள். அதற்காக எதையெல்லாம் விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். லிப்டுக்குப் பிறகு நான் படியேற ஆரம்பித்தேன். உடம்புக்கு நல்லதுதானே என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அடுத்து, கூட்டமான பேருந்தை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தேன். பிறகு சினிமாவுக்குப் போனால் ஓரத்து இருக்கைதான். பிறகு சினிமாவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது. ஒரு வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, வீடும் அலுவலகமும் நடுவே ஒரு தெருவும்தான் மிச்சமிருந்தன. பயம் அன்றைக்குப் பெரிதாகக்கூட இல்லை. பயப்பட வேண்டிய இடங்களுக்கு நான் போகவே இல்லையே.

தவிர்த்தால் நிம்மதியாக இருக்கிறது. அதில் என்ன தப்பு?

அந்த நிம்மதிதான் கண்ணி. லிப்டில் ஏறாமல் திரும்பும் நொடியில் படபடப்பு இறங்குகிறது. 'ஏறாததால்தான் பிழைத்தேன்' என்று மூளை எழுதிவைத்துக்கொள்கிறது. ஏறியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைக் கற்றுக்கொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அடுத்த முறை பயம் ஒரு படி கூடுகிறது.

தவிர்ப்பது எப்போதும் தவிர்ப்பது போலவே தெரியாது. தலைவலி வந்தால் இணையத்தில் மூளைக்கட்டியைத் தேடுவது, மனைவியிடம் 'எனக்கு ஒன்றும் இல்லையே?' என்று இரவில் நாலு முறை கேட்பது, எங்கே போனாலும் சட்டைப் பையில் ஒரு மாத்திரையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது எல்லாம் அதே குடும்பம். அரை மணி நேரம் தாங்கும், அப்புறம் மறுபடி கேட்கத் தோன்றும்.

பயந்த பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைப்பது பதற்ற சிகிச்சையில் பழைய, நன்றாகச் சோதிக்கப்பட்ட வழி. ஜோசப் வோல்பே என்ற மனநல மருத்துவர் 1958-இலேயே அதற்கு ஒரு முறை வகுத்தார். எனக்கு முதல் வாரம் லிப்டின் வெளியே நிற்பது மட்டும்தான் பாடம். கதவு திறக்கும், மூடும், நான் நிற்பேன். உள்ளே இருந்தவர்கள் "வர்றீங்களா?" என்று கேட்டபோது, இல்லை, சும்மா நிற்கிறேன் என்று சொல்வதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. இரண்டாம் வாரம் ஒரு மாடி. படபடப்பு வந்தது, இறங்கும்வரை உள்ளேயே நிற்கச் சொல்லியிருந்தார்கள். மேலும் கீழுமாக ஐந்தாறு முறை போய்வந்தேன். இறங்கியது.

ஒரு எச்சரிக்கை. இது தானாக ஒருவர் இன்னொருவரைப் பிடித்துத் தள்ளிவிடும் வேலை இல்லை. "பயம் போகட்டும்" என்று நீச்சல் தெரியாதவரைக் கிணற்றில் இறக்கினால் பயம் இரட்டிக்கும்.

'யோசிக்காதே, விடு' என்கிறார்கள். விட முடியவில்லையே?

விட முடியாதுதான். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1987-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்று சொன்னார்கள். நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் மணி அடித்தது. பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, ஆரம்பத்திலிருந்தே அனுமதி பெற்றிருந்தவர்களைவிட இவர்கள் அதிகமாகக் கரடியை நினைத்தார்கள்.

அடக்குவதற்குப் பதிலாகத் தள்ளிப்போடலாம். தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரின் குழுவினர் 1983-இல் சோதித்துப் பார்த்த முறை இது. கவலைப்பட ஒரு நேரம், ஒரு இடம் குறித்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்கு, அரை மணி நேரம், குறிப்பிட்ட ஒரு நாற்காலியில். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு சொல்லில் எழுதிவைத்துவிட்டு, 'ஆறு மணிக்குப் பார்க்கலாம்' என்று சொல்லுங்கள். படுக்கையை மட்டும் அந்த இடமாக வைக்காதீர்கள். சிரிப்பாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆறு மணிக்கு உட்கார்ந்து சீட்டைப் பிரித்தால், காலையில் உலகமே இடிந்தது போல எழுதிய சொல்லைப் பார்த்து 'இது என்ன?' என்று எனக்கே விளங்காமல் போன நாட்கள் உண்டு.

என் கவலைக்கு நிஜமான காரணம் இருக்கிறதே? வேலை போய்விட்டது, இதற்கு டாக்டர் என்ன செய்வார்?

வேலை வாங்கித் தர மாட்டார். ஆனால் தூங்காமல், சாப்பிடாமல், போனை எடுக்கவே பயந்துகொண்டு வேலை தேடுவதற்கும், ஓரளவு தெளிவோடு தேடுவதற்கும் வித்தியாசம் உண்டு. காரணம் நியாயமானது என்பதால் வேதனைக்குச் சிகிச்சை கூடாது என்று இல்லை. கால் முறிந்ததற்குக் காரணம் தெரியும் என்று கட்டுப் போடாமல் விடுகிறோமா?

காபி, மது, தூக்கம், உடற்பயிற்சி: இவற்றைச் சரிசெய்தால் போதாதா?

லேசானதற்குப் பல சமயம் போதும். கடுமையானதற்கு இவை துணைதான்.

காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. பதற்றம் உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவே படபடப்பைக் கிளப்பிவிடும். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், மெல்லக் குறையுங்கள். எனர்ஜி பானங்களையும் கணக்கில் சேருங்கள்.

மது முதல் ஒரு மணி நேரம் அமைதி தரும். நள்ளிரவில் எழுப்பிவிட்டு வட்டியோடு திருப்பி வாங்கும். பதற்றத்துக்காகவே குடிக்க ஆரம்பித்திருந்தால், அதுவே டாக்டரைப் பார்க்கப் போதுமான காரணம்.

உடற்பயிற்சி நிஜமாகவே உதவுகிறது. அதற்கு ஒரு கூடுதல் லாபமும் உண்டு: வேகமாக அடிக்கும் இதயமும் வாங்கும் மூச்சும் ஆபத்தில்லாதவை என்று உடம்புக்குத் திரும்பக் கற்றுத் தருகிறது. இறுக்கம் தெரிந்தால், ஒவ்வொரு தசைக்கூட்டத்தையும் சில விநாடி இறுக்கித் தளர்த்தும் முறையைச் செய்து பாருங்கள். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக்கு முன் வகுத்தது. செலவே இல்லை.

எப்போது உதவி தேட வேண்டும்?

மேலே சொன்ன கணக்குத்தான் முதல். வாழ்க்கையின் ஏதோ ஒரு பக்கம் சுருங்கத் தொடங்கினால் போங்கள். தாங்க முடியாத கட்டம் வரட்டும் என்று காத்திருப்பதுதான் நாங்கள் எல்லோரும் செய்த தப்பு. தூக்கம் இரண்டு மூன்று வாரமாகக் கெட்டிருக்கிறது, வேலையோ படிப்போ தடுமாறுகிறது, காரணமில்லாமல் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறீர்கள், பீதித் தாக்கம் திரும்ப வருமோ என்ற பயத்திலேயே நாள் போகிறது என்றால் அதுவே போதும். விபத்து, தாக்குதல் போன்ற ஒன்றுக்குப் பிறகு அந்தக் காட்சி ஒரு மாதம் தாண்டியும் கனவிலும் நினைவிலும் துரத்தினால் தனியாகச் சமாளிக்க முயல வேண்டாம்.

இதில் நீங்கள் தனி ஆளும் இல்லை. 2019-இல் உலகில் 30.1 கோடிப் பேருக்குப் பதற்ற நோய் இருந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிகிச்சை தேவைப்படுபவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் அது ஏதோ ஒரு வடிவில் கிடைக்கிறது.

காத்திருக்கவே கூடாத நிலை எது?

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், தன்னைத்தானே காயப்படுத்தத் தோன்றினால், மற்றவர்களுக்கு இல்லாத குரலோ உருவமோ கேட்டால், தெரிந்தால், அன்றைக்கே உதவி வேண்டும். அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது உங்கள் நாட்டின் அவசர எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ கூப்பிடுங்கள். தனியாக இருக்காதீர்கள். யாரையாவது கூப்பிட்டு, "கொஞ்ச நேரம் கூட இரு" என்று சொன்னால் போதும், காரணத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

வேறு ஒருவரைப் பற்றிய சந்தேகம் என்றால் நேராகவே கேளுங்கள்: "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்கு மூச்சுவிட இடம் தருகிறது.

யாரிடம் போவது?

முதலில் வழக்கமான பொது மருத்துவரிடமே போகலாம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்தாலும், சில ஆஸ்துமா மருந்துகளாலும் இதே படபடப்பு வரும். அதை விலக்கிவிட்டுத்தான் மற்றது. அடுத்து, மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதித் தருவார். உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். 'ஆலோசகர்' என்ற பெயர்ப்பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிவிட முடிகிற இடங்கள் இருக்கின்றன. என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பேசுவதால் என்ன ஆகிவிடப்போகிறது?

நானும் கேட்டேன். மனதில் உள்ளதைக் கொட்டித் தீர்ப்பது என்று நினைத்துப் போனேன், கிடைத்தது வீட்டுப்பாடம். ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில், அதாவது சி.பி.டி.யில், எந்தச் சூழலில் என்ன நினைத்தேன், உடம்பில் என்ன நடந்தது, பிறகு என்ன செய்தேன் என்று எழுத வைத்தார்கள். 'லிப்ட் நின்றால் மூச்சுத் திணறிச் செத்துவிடுவேன்' என்பதை ஒரு கணிப்பாக எடுத்துக்கொண்டு, எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்று கேட்டார்கள். தொண்ணூறு என்றேன். இதுவரை எத்தனை முறை ஏறினீர்கள், எத்தனை முறை செத்தீர்கள் என்றார் சிகிச்சை தந்த அம்மா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். பொதுவாகப் பன்னிரண்டிலிருந்து இருபது அமர்வுகள் வரை ஆகும். ஒருவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஆளை மாற்றலாம், அதற்காகச் சிகிச்சையே வேண்டாம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

மாத்திரை ஆரம்பித்தால் வாழ்நாள் முழுவதும் போட வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு அப்படி இல்லை. இரண்டு வகை மருந்துகளைக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தப் பயம் பரவியிருக்கிறது.

எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்ற வகையைத்தான் முதலில் கொடுப்பார்கள். பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் வரை ஆகும். முதல் ஓரிரு வாரம் குமட்டலும் படபடப்பும் கூடுவது போலத் தெரியலாம், அந்த இடத்தில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். இளம் வயதினர், குறிப்பாக 25 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், இந்தத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று கூடுதல் கவனத்தோடு பார்த்துக்கொள்ளப்பட வேண்டும். சரியான பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடரச் சொல்வது வழக்கம். அதன் பிறகு டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைப்பார்கள்.

மற்றொரு வகை அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம் போன்றவை. அரை மணியில் படபடப்பு அடங்கிவிடும், அதனால்தான் ஆபத்து. வாரக்கணக்கில் தொடர்ந்தால் உடம்பு பழகிக்கொள்ளும், அளவு கேட்கும். நீண்ட நாள் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மதுவோடு சேர்த்தால் மூச்சே அடங்கிப்போகும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த 'தூக்க மாத்திரை' பெரும்பாலும் இந்த வகைதான்.

குழந்தைகளுக்கும் வருமா?

வரும். 'பதற்றமாக இருக்கிறது' என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள், வயிறு வலிக்கிறது என்பார்கள். பள்ளி நாள் காலையில் வலித்து, விடுமுறையில் காணாமல்போகும் வயிற்றுவலியை நடிப்பு என்று அதட்டாதீர்கள். வலி நிஜம், கேனனின் பூனையை நினைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் காட்டிவிட்டு, பள்ளியில் என்ன நடக்கிறது என்று பொறுமையாகக் கேளுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது, டாக்டரிடம் வர மறுக்கிறார். என்ன செய்ய?

'உனக்கு மனநோய்' என்ற இடத்திலிருந்து பேச்சை எடுக்காதீர்கள். அவருக்கே தொல்லையாக இருப்பது எதுவோ, அங்கிருந்து தொடங்குங்கள். "மூணு வாரமாத் தூங்கலியே, அதுக்கு மட்டும் ஒரு தடவை காட்டிட்டு வருவோமா?" என்று என் அக்கா கேட்டாள். மனநலம் என்ற சொல்லே வரவில்லை. நான் கிளம்பிவிட்டேன். நேரம் வாங்கித் தருவது, கூட வந்து வெளியே உட்காருவது போன்ற சின்னக் காரியங்கள்தான் நிஜமான உதவி. அவருக்காக எல்லா இடத்துக்கும் நீங்களே போய்வருவது, கேட்கும்போதெல்லாம் 'ஒன்றும் ஆகாது' என்று சமாதானம் சொல்வது எல்லாம் அன்பினால் செய்வதுதான், ஆனால் தவிர்த்தலுக்குத் துணைபோகிறது.

முதல் முறை போகிறேன். என்ன சொல்வது?

நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, வாரத்தில் எத்தனை நாள், தூக்கம் எத்தனை மணி நேரம், என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், காபியும் மதுவும் எவ்வளவு, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, செய்துகொண்டிருந்து இப்போது நிறுத்திவிட்டவை எவை. பேச வரவில்லை என்றால் தாளையே நீட்டிவிடலாம். நான் நீட்டினேன். அவர் படித்துவிட்டு, கடைசி வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டு, "இந்த லிப்ட் எத்தனை மாடி?" என்று கேட்டார்.